ஓடுகாலி

காலை நாலேமுக்கால் மணி. ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு மாடிப்படி இறங்கினேன். வாசல் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் போடும் என்பதால் முந்தின இரவே அதில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். தெருமுனை மின்கம்பத்தடியில் உட்கார்ந்து ஷூவுக்குள் காலை நுழைத்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயது, முனைவர் பட்டம், பதினெட்டு ஆண்டு ஆசிரியப் பணி, இரண்டு கவிதைத் தொகுப்பு. இத்தனையும் வைத்துக்கொண்டு சொந்த வீட்டிலிருந்து திருடியைப் போல வெளியேறிக்கொண்டிருந்தேன். வகுப்பில் உடன்போக்குத் துறையை நடத்தும்போது, தலைவி காற்சிலம்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓசையில்லாமல் புறப்படும் இடத்தைப் பிள்ளைகளுக்கு விரும்பி விளக்குவேன். அவளுக்காவது வெளியே ஒருவன் காத்திருந்தான். எனக்குத் தெப்பக்குளத்தைத் தவிர வேறு யாரும் காத்திருக்கவில்லை.

நான்காவது நாளே பிடிபட்டேன். தண்ணீர் குடிக்க எழுந்த அத்தை கூடத்து விளக்கைப் போட்டார்.

"ஏத்தா, இருட்டுக்குள்ள ஓடுகாலி மாதிரி எங்க கெளம்புற?"

அவர் வைது சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் புழங்குகிற பேச்சு அது. ஆனாலும் அந்தச் சொல் அன்று என்னோடு தெப்பக்குளத்தை முழுதாகச் சுற்றி வந்தது. தமிழ் வாத்தியாரின் புத்தி, பிரித்துப் பார்க்காமல் விடாதே. 'ஓடுகால்' என்பது வினைத்தொகை. காலம் காட்டாது, மூன்று காலத்துக்கும் பொருந்தும். ஓடிய கால், ஓடுகின்ற கால், ஓடும் கால். ஒருமுறை ஓடியவள் எக்காலத்திலும் ஓடுகாலிதான் என்று இலக்கணமே முத்திரை குத்திவிடுகிறது. அகராதியில் இந்தச் சொல் ஆணுக்கும் உண்டு. என் வாழ்நாளில் ஓர் ஆணை யாரும் அப்படித் திட்டி நான் கேட்டதில்லை. அவனுக்கு 'ஊர்சுற்றி' இருக்கிறது. அதில் கொஞ்சம் செல்லமும் இருக்கிறது. ஓடுகிற பெண்ணுக்கு 'வீராங்கனை' என்றொரு சொல் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் வரும். அது வீட்டுக்குள் வருவதில்லை.

எனக்கு ஓட்டம் புதிதில்லை. ஏழாம் வகுப்பில் இருநூறு மீட்டரில் இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறேன். பரிசாகத் தந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இன்னும் என் அம்மா வீட்டில் கடுகு போட்டு வைக்கப் பயன்படுகிறது. பி.டி. உஷா காலத்துப் பிள்ளைகள் நாங்கள். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டவர், 1986 சியோல் ஆசியப் போட்டியில் நான்கு தங்கம் வாங்கினார். எங்கள் ஊரில் எந்தப் பெண்பிள்ளை கொஞ்சம் எட்டி நடந்தாலும் "பெரிய பி.டி. உஷான்னு நெனப்பு" என்பார்கள். அதில் பாதி கேலி, பாதி பெருமை. அடுத்த ஆண்டு பெரிய மனுஷியானேன். தாவணி வந்தது. ஓடாதே என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. விளையாட்டு மணி அடித்தால் மரத்தடியில் உட்கார்ந்து நோட்டு எழுதுவது என்று தானாக ஆகிவிட்டது. தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அதற்குப் பிறகு முப்பது ஆண்டில் நான் ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கத்தான்.

மறுபடி தொடங்கியதற்குச் சர்க்கரை காரணம். மூன்று மாதச் சராசரி 6.1 என்று ரத்தப் பரிசோதனையில் வந்தது. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்றார் மருத்துவர். நடக்கச் சொன்னார். வீட்டிலிருந்து தெப்பக்குளம் ஐந்து நிமிடம். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது, ஒரு பக்கம் ஏறக்குறைய ஆயிரம் அடி. நடுவில் தென்னை மரங்களோடு மைய மண்டபம். நான் மதுரைக்கு மருமகளாக வந்த புதிதில் தண்ணீர் இல்லாமல் உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். இப்போது கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிறையும்போது, விடியற்காலையில் மண்டபம் தலைகீழாகத் தண்ணீரில் நிற்பதைப் பார்க்கலாம். சுற்றிலும் மனிதர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். நானும் நடந்தேன். ஒரு நாள் திடீரென்று மழை பிடித்தது. எல்லோரும் கோயில் பக்கம் ஒதுங்க ஓடினார்கள், நானும் ஓடினேன். மழை நின்றது. நான் நிற்கவில்லை. இன்னொரு இருநூறு அடி சும்மா ஓடினேன். ஈரத்தில் சுடிதார் காலோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு முட்டியது. முப்பது ஆண்டாக எங்கேயோ வைத்து மறந்த பொருள் கைக்கு அகப்பட்ட மாதிரி இருந்தது.

நடைமுறைச் சங்கடங்களை மறைத்து எழுதுவதில் பயனில்லை. இதைப் படிக்கிற மாணவிகளுக்குப் பின்னால் உதவும். இரண்டு பிரசவம் கண்ட உடம்பு. ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒவ்வொரு எட்டுக்கும் சிறுநீர் கசிந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. பிறகு உடன் பணிபுரியும் தோழி ஒருத்தி, தும்மினாலும் தனக்கு இதே கதைதான் என்று சொன்னபோது துணிவு வந்து பெண் மருத்துவர் ஒருவரிடம் போனேன். பிரசவம் ஆன பெண்களுக்கு இது சகஜம், இடுப்புத் தளத் தசையை இறுக்கி விடும் பயிற்சி செய்தால் பெரிதும் சரியாகும் என்றார். சரியானது. பதினெட்டு ஆண்டுக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு பூண்டுக் குழம்பும் பத்தியமும் சொன்ன எத்தனையோ பெண்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஓடும்போது மார்பு குலுங்காத உள்ளாடை என்று ஒன்று இருப்பதே எனக்கு நாற்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

அத்தைக்கு வேறொரு பயம். "கர்ப்பப்பை எறங்கிரும்த்தா" என்றார். நான் சிரித்தேன். அப்புறம் படித்துப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. அத்தை சொன்னதையே கோட்டுப் போட்ட ஆண்கள் உலகம் முழுவதும் சொல்லியிருக்கிறார்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக எண்ணூறு மீட்டர் ஓடினார்கள். களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருக்கி எழுத, அந்த ஓட்டத்தையே பெண்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். திரும்பக் கொடுத்தது 1960இல். 1966இல் பாஸ்டன் மாரத்தானில் பாபி கிப் புதருக்குள் ஒளிந்திருந்து, ஆண்கள் புறப்பட்ட பிறகு கூட்டத்தில் கலந்து ஓடினார். அடுத்த ஆண்டு கேத்ரின் சுவிட்சர் 261 என்ற எண்ணோடு ஓடும்போது, போட்டி அதிகாரி ஒருவர் பாதியில் பாய்ந்து எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984இல். உஷா நூறில் ஒரு விநாடியில் தோற்ற அதே ஒலிம்பிக். இவ்வளவும் தாண்டி ஓடி வந்த பிறகும், புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி 2006 தோகா ஆசியப் போட்டியில் எண்ணூறு மீட்டரில் வெள்ளி வாங்கியபோது, நீ பெண்தானா என்று சோதித்துப் பதக்கத்தைப் பறித்தார்கள். பெண் ஓடினால் அவள் உடம்பைக் கேள்வி கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

பத்து மாதத்தில் ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் ஓட முடிந்தது. அப்போதுதான் ஆசை வந்தது: அரை மாரத்தான். இருபத்தோரு கிலோமீட்டரும் கொஞ்சமும். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டவர்களிடம் உடம்புக்கு நல்லது என்றேன். அது பொய். சர்க்கரைக்கு ஐந்து கிலோமீட்டரே தாராளம். யாருக்கும் பயன்படாத ஒன்றை எனக்காகச் செய்து முடிக்க வேண்டும் என்றிருந்தது. முனைவர் பட்டம் வேலைக்காக. வேலை வீட்டுக் கடனுக்காக. கவிதைகூட எங்கேயோ ஒரு வாசகருக்காக. இது எனக்கு. ஆசைக்குக் காரணம் சொல்லியே பழகிய நமக்கு, ஆசையாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல நாக்கு வருவதில்லை.

கைபேசியில் பன்னிரண்டு வார அட்டவணை ஒன்றை இறக்கினேன். செவ்வாய் ஐந்து கிலோமீட்டர், வியாழன் வேக ஓட்டம், சனி ஆறு, ஞாயிறு நீண்ட ஓட்டம். திங்கள் ஓய்வு. எனக்குத் திங்கள்கிழமை என்றால் வாரத்தின் முதல் நாள்: மூன்று டிபன் பாக்ஸ், அத்தைக்கு உப்புக் குறைத்துத் தனிச் சமையல், காலை முதல் மணி வகுப்பு, மாலையில் துறைக் கூட்டம், இரவு மாவு அரைப்பது. அட்டவணை போட்டவருக்கு யாரோ மாவு அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் விடவில்லை. மூன்றே முக்காலுக்கு எழுந்தேன். இட்லிக்கு வைத்து, காய் நறுக்கி, குழம்பைக் கூட்டி, நாலேமுக்காலுக்கு ஓடப் போய், ஆறேகாலுக்குத் திரும்பி, எட்டேகால் பஸ். இரவு விடைத்தாள் திருத்தி, கல்லூரித் தர மதிப்பீட்டுக்குக் கோப்பு தயாரித்துப் படுக்கப் பதினொன்றாகும். "எல்லாத்தையும் எப்படிப்பா பேலன்ஸ் பண்றீங்க?" என்று ஓய்வறையில் கேட்பார்கள். பெருமையாக இருக்கும். தராசின் இரண்டு தட்டும் ஏன் என் தோளிலேயே தொங்குகின்றன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் கணவரும் மாலையில் பூப்பந்து ஆடப் போகிறார், பத்து ஆண்டாக. அவரை ஒருவரும் இப்படி விசாரித்ததில்லை.

இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. 2019இல் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து ஆண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. அதே காலத்தில் ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! வகுப்பில் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிப் பேசியிருக்கிறேன். அந்த 289க்குள் நானும் இருக்கிறேன் என்பது மட்டும் உறைக்கவில்லை. ஓடுவதற்கான நேரத்தை இந்த நிமிடங்களிலிருந்து ஒன்றுகூட நான் எடுக்கவில்லை. முழுவதையும் என் தூக்கத்திலிருந்து எடுத்தேன். வீட்டில் யாருக்கும் எதுவும் குறையவில்லை, அதனால் யாரும் எதிர்க்கவும் இல்லை.

குறைந்தது வேறு சில. காலையில் வாசல்படியில் உட்கார்ந்து குடிக்கும் காப்பி போயிற்று. இரவு பத்து மணிக்கு மொட்டை மாடியில் மகளோடு வேர்க்கடலை கொறித்துக்கொண்டு யாரைப் பற்றியாவது புறம் பேசும் அரை மணி நேரம் போயிற்று. அந்தப் பத்து வாரத்தில் ஒரு கவிதை எழுதவில்லை. ஓடும்போதுகூடத் தண்ணீரைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பார்த்தேன். எனக்காக என்று தொடங்கியது இன்னொரு கோப்பாக, இன்னொரு மதிப்பீடாக மாறிப்போனது.

பதினோராவது வாரம், ஒரு ஞாயிறு, பதினான்காவது கிலோமீட்டரில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. குளத்துச் சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். பூ விற்கும் அம்மா ஒருவர் சோடா வாங்கிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே போனாலே சோகை. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் சோகை உள்ளவர்கள். ஒரு வருடமாக மாதவிலக்கு அதிகமாகப் போய்க்கொண்டிருந்ததை, இந்த வயதில் இப்படித்தான் என்று நான் தள்ளிப் போட்டிருந்தேன். மருத்துவர் மாத்திரை எழுதிவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். எத்தனை மணி நேரம் தூங்குவீர்கள்? வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்?

வீட்டில் எல்லோரும் அன்பாக ஒரே தீர்ப்புச் சொன்னார்கள்: ஓடுவதை நிறுத்திவிடு. "நான் ஒன்னயத் தடுத்தேனா? ஒடம்பு கேக்கலைல்ல" என்றார் கணவர். தடுக்கவில்லை என்பது உண்மை. அனுமதி கொடுத்ததோடு தன் பங்கு முடிந்தது என்று அவரும் நினைத்திருந்தார், நானும் நினைத்திருந்தேன். மூன்றே முக்காலுக்கு எழுந்து இட்லி ஊற்றுவதை நிறுத்து என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் முதல் இரண்டு நாள் தோன்றவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "சரி, வேலைக்கு வர்ற அக்காவ ஆறு மணிக்கே வரச் சொல்லிரு. கூடக் கொஞ்சம் குடுத்துருவோம்" என்றார். எனக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. ஒத்துக்கொண்டேன். வழக்கமாக எட்டு மணிக்கு வருகிறவர் இரண்டு வாரம் ஆறு மணிக்கு வந்தார். மூன்றாம் வாரம் ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "டீச்சரம்மா, சின்னது வெறும் வயித்தோட பள்ளிக்கூடம் போகுது. மதியச் சோத்துக்குத்தான் திங்குது." குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "நீங்க எளைக்கிறதுக்கு ஓடுறீங்க, நான் ஓடி ஓடித்தான் எளைச்சேன்" என்றார். நான்கு வீட்டுக்கு நடந்தே போய் வருகிறவர் அவர். நாள் கணக்குப் போட்டால் என் அட்டவணையைவிட அதிகம் வரும். என் ஒன்றரை மணி நேரத்தை நான் வாங்கியது என் கணவரிடமிருந்தோ மகனிடமிருந்தோ இல்லை, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்குழந்தையின் இட்லியிலிருந்து. பெண்ணியம் பேசும் கட்டுரைகளில் நான் அதிகம் பயன்படுத்திய சொல் 'உழைப்புச் சுரண்டல்'. அது என் அடுக்களையில் ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தது.

அவரைப் பழையபடி எட்டு மணிக்கு வரச் சொன்னேன். கூட்டிய சம்பளத்தைக் குறைக்கவில்லை. ஞாயிறு விடுமுறை என்று ஆக்கினோம். இதை எழுதும்போது ஏதோ தர்மம் செய்த தொனி வருகிறது. பல வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது, அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்தது சண்டை. ஒரே நாளில் முடிகிற சண்டையாக இல்லை. செவ்வாய், வியாழன், ஞாயிறு மூன்று காலையும் அடுப்பு என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டேன். முதல் வாரம் ரவா உப்புமா, கட்டி கட்டியாக. எட்டாவது படிக்கும் மகன் பன்னும் பழமும் சாப்பிட்டுப் போனான். கணவர் இட்லிக் கொப்பரையில் தண்ணீர் ஊற்ற மறந்து அடிப்பிடிக்க விட்டார். அவர் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. நான் அழுத நாட்களும் உண்டு. ஆனால் மெய்யாகக் கடினமாக இருந்தது வேறு. ஓடிவிட்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே குக்கர் நாலாவது விசில் அடிக்கும். மூன்றில் நிறுத்த வேண்டும் என்று கை பரபரக்கும். எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பதினாலு கிலோமீட்டர் ஓடுவது அதைவிட எளிது. என் கைப்பக்குவம் இல்லாமல் இந்த வீடு நடக்காது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்திருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. நாலு மாதத்தில் அவர் தக்காளிச் சட்னியில் தேறிவிட்டார். சாம்பார் இன்றும் சுமார்தான்.

அந்த நாட்களில் ஒரு மாலை அத்தைக்குக் காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். "ஓடுகாலின்னு சொன்னீங்களே அத்தை, அன்னைக்கு எனக்குச் சுருக்குன்னுச்சு" என்றேன். இவ்வளவு நாள் கழித்து ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

பத்தொன்பது வயதில், கைக்குழந்தையோடு, ஒரு ராத்திரி அவர் புருஷன் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார். செக்கானூரணிப் பக்கத்திலிருந்து உசிலம்பட்டிக்குப் பக்கத்திலிருக்கும் தாய் வீட்டுக்கு. ஏன் ஓடினார் என்பதை ஒரே வரியில் சொன்னார்: "ஒங்க மாமா அப்ப கை நீட்டுவாரு." ரோட்டில் போனால் பார்த்துவிடுவார்கள் என்று காட்டுவழியே போயிருக்கிறார். நாய் குரைத்தால் ஓட்டம், குழந்தை அழுதால் உட்கார்ந்து பால் கொடுப்பது, மறுபடி நடை. விடியும்போது போய்ச் சேர்ந்தார். மத்தியானமே அவருடைய அண்ணன் மாட்டுவண்டி பூட்டித் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டார். "அன்னையிலருந்து நான் சாகுற வரைக்கும் ஒங்க மாமனோட ஆத்தா என்னயப் பேரு சொல்லிக் கூப்பிடல. ஓடுகாலிதான். ஓடுகாலி, மாட்டுக்குத் தண்ணி காட்டு. ஓடுகாலி, சோறு வை." அவர் கிழவி சாகும் வரை என்று சொல்ல வந்து 'நான் சாகுற வரைக்கும்' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் திருத்தவில்லை.

இரவு கைபேசி வரைபடத்தில் அந்தத் தூரத்தைப் பார்த்தேன். இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. ஷூ இல்லாமல், இடுப்பில் பிள்ளையோடு, இருட்டில். எந்தக் கடிகாரமும் அதைக் குறித்து வைக்கவில்லை. நான் பணம் கட்டி எண் வாங்கி ஓட விரும்புகிற தூரத்தை என் வீட்டில் ஒருத்தி உயிருக்குப் பயந்து ஓடி முடித்திருக்கிறார். அதற்குக் கிடைத்த பட்டம்தான் அந்தச் சொல். அதை அவர் என்மேல் வீசவில்லை. ஐம்பது ஆண்டாக வாயில் கிடந்தது, இருட்டில் ஒருத்தி புறப்படுவதைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டது.

பன்னிரண்டு வார அட்டவணையைத் தூக்கிப் போட்டேன். முப்பது வாரம் என்று வைத்துக்கொண்டேன். வாரத்துக்கு மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவது. ஓட்டம் முடிந்தால் தெப்பக்குளத்து ஓரம் வண்டியில் விற்கும் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது, தேங்காய்த் துருவல் தூவி. சுடச்சுட ஒரு டம்ளர், நின்றுகொண்டே. உருக்கமான கவிதை எழுதுகிறவளிடம் எது இன்பம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். காப்பி வாசல்படிக்குத் திரும்பி வந்தது. மாடியில் வேர்க்கடலை திரும்பி வந்தது, மகளின் பிளஸ் டூ பரீட்சைப் புலம்பலோடு. இலக்கை விட்டுவிட்டு இருப்பதில் சந்தோஷப்படு என்று பெண்களுக்கு உபதேசம் செய்பவர்கள் நிறைய. நான் அதைச் சொல்ல வரவில்லை. எனக்குப் பருத்திப்பாலும் வேண்டும், இருபத்தோரு கிலோமீட்டரும் வேண்டும்.

போட்டி நாளன்று காலை மூன்று மணிக்கு மாதவிலக்கு வந்தது, முதல் நாளிலேயே வெள்ளமாக. மாதவிலக்கோடு ஓடும் பெண்கள் இருக்கிறார்கள். என் ரத்தத்தின் கணக்கு எனக்குத் தெரியும். போகவில்லை. கட்டிய பணம் போயிற்று. வாங்கி வைத்த எண் அட்டை அலமாரியில் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து மார்கழி மாதத்து ஞாயிறு ஒன்றில், தெப்பக்குளத்தையே ஓடுவது என்று புறப்பட்டேன். நான் ஓடும் வழியில் ஒரு சுற்று ஒன்றேகால் கிலோமீட்டர் என்று கடிகாரம் காட்டும். பதினேழு சுற்று. முதல் மூன்று சுற்று இருட்டு, மாரியம்மன் கோயில் பாட்டு, கோலம் போடும் பெண்கள். ஏழாவதில் வெளிச்சம். பத்தாவதில் கால் கனத்தது. புகாரிலிருந்து புறப்பட்ட கண்ணகி கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கி, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்பாள். இன்னும் முப்பது காதம் இருக்கும்போது, பக்கத்தில்தான் என்று பட வார்த்தையைச் சுற்றிச் சொல்லிச் சிரிப்பான் கோவலன். வகுப்பில் அந்த இடத்தை அவனுடைய பரிவு என்று நடத்திக்கொண்டிருந்தேன். பதின்மூன்றாவது சுற்றில் தோன்றியது: எவ்வளவு தூரம் என்று அவளிடம் சரியாகச் சொல்லியிருக்கலாம். அவள் நடந்திருப்பாள். பின்னால் தனியாக வைகைக் கரையோடு மேற்கே நடந்தவள்தானே.

பதினேழாவது சுற்று முடிந்தபோது இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். இந்த நேரத்துக்கு எந்தப் போட்டியிலும் கடைசி வரிசைதான். நூற்றுக்கணக்கானோர் நடந்துகொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் தெரியாது. பூ விற்கும் அம்மா மட்டும் "என்னம்மா, இன்னைக்கு ரொம்பச் சுத்து?" என்றார். சோடாவுக்கு அன்று அவர் வாங்காத காசுக்கு ஈடாக இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். பருத்திப்பால் குடித்தேன். கால் நடுங்கப் படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

வீட்டுக்குப் போனபோது எட்டேகால். கணவர் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். முதல் தோசை எனக்கு வந்தது, கொஞ்சம் தீய்ந்த வாசனையோடு. அத்தை கூடத்தில் நாற்காலியில் இருந்தார்.

"எத்தன சுத்து?"

"பதினேழு அத்தை. இருவத்தோரு கிலோமீட்டர்."

அவர் மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மல்லிகையில் பாதியைக் கிள்ளி அவர் கொண்டையில் வைத்தேன். என் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கால் பெருவிரலில் கன்றிக் கறுத்திருந்த நகத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தைலப் பாட்டிலைத் திறந்தார்.